ஒரு வயிறு, இரண்டு ஆஸ்பத்திரி

"எங்க மாமா வயித்துல கத்தி வெக்கற பேச்சே வேண்டாமுங்க" என்றான் மருமகன் சபரிநாதன்.

"அப்ப எங்க சேலத்து டாக்டரு என்ன, கெடா வெட்டறவரா?" என்று எகிறினான் மைத்துனன் மணியன்.

மகளின் கணவனுக்கும் மனைவியின் தம்பிக்கும் நடுவே வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் சின்னுசாமி. புதுச்சத்திரத்தில் போர்வெல் ரிக் வைத்திருப்பவர். ஊர் ஊராக ஆயிரம் அடி துளை போட்டவருக்குத் தன் வயிற்றில் ஒரு கீறல் என்றதும் நாக்கு வறண்டது.

வயிற்றுக்குள் போகும் பெரிய ரத்தக்குழாய் லாரி டியூப் போலப் புடைத்திருக்கிறது, வெடித்தால் ஆள் தேறுவது கஷ்டம் என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. அலையக்கூடாது என்று அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, ஸ்கேன் படம் மட்டும் ஊர் சுற்றியது. மணியன் கொண்டுபோன சேலத்து ஆஸ்பத்திரியில், வயிற்றைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும் என்றார்கள். பயந்துபோன சின்னுசாமி அதே படத்தை ரகசியமாக மருமகனிடம் கொடுத்தனுப்பினார். ஈரோட்டு ஆஸ்பத்திரியிலோ, தொடை வழியாகவே உள்ளே குழாய் செருகிவிடலாம் என்றார்கள். ரகசியம் ஒருநாள்கூடத் தாங்கவில்லை.

"பொண்ணு குடுத்த ஊட்டுக்கு இதுதான் மரியாதைங்களா, மச்சான்?"

"பொண்ணு எடுத்த மாப்பிள்ளை பேச்சுக்கு மதிப்பில்லீங்களா, மாமா?"

சின்னுசாமி இருவருக்கும் நல்லவராக ஒரு வழி கண்டுபிடித்தார். மருமகனிடம் வெள்ளிக்கிழமை ஈரோடு என்றார். மைத்துனனிடம் திங்கட்கிழமை சேலம் என்றார். இரண்டு இடத்திலும் கட்டில் தயாரானது.

மனைவி மாரக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏனுங்க, வெள்ளிக்கெழம ஒருத்தரு சரிபண்ணீட்டா, திங்கக்கெழம இன்னொருத்தரு எதைங்க அறுப்பாரு?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும், நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று கணவனும் மனைவியும் பள்ளிபாளையம் பாலத்தைத் தாண்டி ஈரோடு போனார்கள்.

பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார். "இதுக்கு எதுக்குங்க வயித்தைத் திறக்கணும்?"

சின்னுசாமிக்கு உயிர் வந்தது. "சேலத்துல ஒரு டாக்டரு அறுத்தே ஆவோணுங்கறாரு. வெவரமில்லாத ஆளுங்களா?"

"சேச்சே, நல்ல டாக்டருங்க அவரு. அவர் சொன்னதும் சரிதான்."

"ரெண்டும் சரின்னா, நான் எங்கீங்க படுக்கறது?"

டாக்டர் இருமினார். அடுத்த நோயாளிக்கு மணியடித்தார்.

வெளியே வந்த மாரக்காள் நர்ஸைப் பிடித்தாள். "ஏஞ்சாமி, ஊட்டுல ரெண்டு பேரைச் சமாதானம் பண்ணோணும். திங்கக்கெழம வந்து இங்கயே படுத்துக்கலாமா?"

நர்ஸ் பதறினாள். "ஐயோ, இன்னைக்கே படுத்துருங்கம்மா! திங்கக்கெழமயானா இதே பெரிய டாக்டருதான் சேலத்து ஆஸ்பத்திரியிலயும் பார்ப்பாரு. அங்க தொடை வழியா குழாய் செருகற மெஷின் இல்லீங்க, அறுக்கத்தான் செய்வாரு!"