ஆம்னி வேனில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

மண்ணரை,
திருப்பூர்.
12.7.2004

பெருமதிப்பிற்குரிய மாமா சுப்பண்ணன் அவர்கள் சமூகத்திற்கு, மாப்பிள்ளை லிங்கசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது.

மடத்துக்குளத்தில் தாங்களும், வேலாத்தாள் அத்தையும், தோட்டமும், எருமைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இவ்விடம் நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பெரியவங்களுக்குப் பொய் எழுதக் கூடாதுங்க. போன் போட்டால் அத்தை எடுத்து, "முத்தாத்தா தென்னைக்குத் தண்ணி பாய்ச்சறாளுங்க மாப்ள" என்கிறார்கள். கொட்டற மழையிலயும் அதையேதான் சொல்றாங்க. அதனால்தான் இந்தக் கடுதாசி.

தங்கள் மகள் முத்தாத்தா கோபித்துக்கொண்டு அங்கு வந்த காரணத்தை அவளே சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் தயவுசெய்து கேட்கவும். அவள் வண்டி ஓட்டப் பழகியதில் எனக்குச் சந்தோஷம்தான். நெனச்சப்ப அப்பனை ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாமுன்னு ஆசைப்பட்டா. ஆனா எங்க கேட் தூண் இருக்குதுங்களே, அதுக்கும் எங்க ஆம்னி வேனுக்கும் முன்ஜென்மப் பகைங்க. பின்னாடி, பக்கவாட்டுல, கதவுலன்னு ஒரு பக்கம் பாக்கியில்லாம ஒடுக்கு. டிங்கரிங் கடையில காட்டறதுக்கு வசதியா இருக்கட்டுமேன்னு, ஊட்டை ஒட்டியிருக்கிற நம்ம பனியன் கம்பெனியில செக்கிங் பார்க்கிற சித்ராதேவிகிட்ட, "வண்டியில எங்கெங்க அடின்னு பார்த்து வையம்மா"ன்னு சொன்னேன். அவ்வளவுதானுங்க சொன்னேன். அந்தப் பொண்ணு, பனியன்ல ஓட்டை இருந்தா ஒட்டுமே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதை ஒரு ரோல் பூராவும் வண்டியில ஒட்டித் தீர்த்திருச்சு. டீ டைமுல தையல்காரங்க, பேக்கிங் பொண்ணுங்க எல்லாம் சுத்தி நின்னு சிரிக்கறப்பவா உங்க புள்ள வெளிய வரோணும்? "ஏனுங்க, நான் ஓட்டுன வண்டி உங்களுக்கு டேமேஜ் பீஸா?"ன்னு கேட்டா. நான் ஒரு அம்பைப் பிச்செடுக்கறதுக்குள்ள உடுமலை பஸ் ஏறிட்டா.

வண்டியைச் சரி பண்ணிட்டா வந்துருவாளேன்னு நானே எறங்குனேன். சூடு காட்டினா ஒடுக்கு தானா எந்திரிச்சு வந்துருமுன்னு யாரோ சொன்னாங்க. கம்பெனி ஸ்டீம் அயர்ன் பாக்ஸைக் கொண்டாந்து வெச்சேன். தகரம் எந்திரிக்கலீங்க, மெரூன் பெயிண்ட் எந்திரிச்சிருச்சு. அதே பாக்ஸைத் துடைக்காம அயர்னிங் மாதவன் வெள்ளை டீசர்ட்டு மேல ஓட்டிட்டான். சரக்கு வாங்கற பையிங் ஆபீஸ்காரர் வந்து எடுத்துப் பார்த்து, "இந்த மெரூன் பூ டிசைன்லயே இருக்குதுங்களா?"ன்னு கேட்டாருங்க. என்னத்தைச் சொல்ல! கடைசியில ஊத்துக்குளி ரோட்டுல டிங்கரிங் கடை வெச்சிருக்கிற திருநெல்வேலிக்காரர் சுடலைகிட்டயே விட்டேன். கதையைக் கேட்டு, வண்டியைச் சுத்திப் பார்த்துட்டு, "தூணுக்கு ஒண்ணும் ஆகலியே அண்ணாச்சி?"ன்னு கேட்டார். அப்புறம் உள்ளாற கைவிட்டுத் தட்டி, பட்டி பாத்து, தேச்சு, பெயிண்ட் அடிச்சு, கல்யாண மாப்பிள்ளையாட்டம் அனுப்பி வெச்சாருங்க.

வண்டி வாசல்ல பளபளன்னு நிக்குது. ஆனா காலையில அவ ரிவர்ஸ் எடுக்கறப்ப, "ஏனுங்க, பின்னாடி இடமிருக்குதா?"ன்னு தெருவுக்கே கேக்கறாப்ல ஒரு சத்தம் வருமே, அது இல்லீங்க மாமா. "வா... வா..."ன்னு சொல்லிச் சொல்லிப் பழகின வாயி சும்மா கெடக்குது. பழக்கத்துல காப்பியை ரெண்டு டம்ளர்ல ஊத்தி, ரெண்டையும் நானே குடிச்சு, நெஞ்செரிச்சல் வேற. வெக்கத்தை விட்டுச் சொல்றேனுங்க, அவ இல்லாம இந்த ஊட்டுல இருக்க முடியலை. வண்டியில இப்ப ஒரு குறை கிடையாது, தடவிப் பார்த்தாக்கூடத் தெரியாது. இதைத் தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பி வைக்கவும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தென்னைக்கு இந்நேரம் போதுமான தண்ணீர் பாய்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
லிங்கசாமி

பி.கு.: மாமா, மேலே வண்டியில குறையில்லைன்னு எழுதினதை அடிச்சிருங்க. இந்தக் கடுதாசியைப் போஸ்ட் பண்ணக் கிளம்பி ரிவர்ஸ் எடுத்தேன். பின்னாடி இடமிருக்குதான்னு கேட்டேன், சொல்ல ஆளில்லீங்க. அதே தூணு. சித்ராதேவி யாரும் சொல்லாமலே ஓடி வந்து ஒரு ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போயிருச்சு. அதை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். உங்க புள்ள வந்து, வயிறு வலிக்கச் சிரிச்சு, அவ கையாலயே எடுக்கட்டுமுங்க.