இருபத்தேழு அங்குல உயரத்தில் ஒரு நெளிவு

உ

பழனியப்பன் ஸ்டோர்ஸ்,
பிரதான வீதி, கொடகவெல.
14.05.1998, வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி நல்லையா அவர்களுக்கு,

கொடகவெலையிலிருந்து பழனியப்பன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இராஜமும் நலம், கடையும் நலம், காரைத் தவிர மற்ற எல்லாம் நலம். ரம்புக்கனையில் நீங்களும், வீட்டில் அம்மாவும், மாப்பிள்ளை பிரதாப்பும், எங்கள் மகள் ராகினியும், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன் என்று வழக்கமாக எழுதுவேன். இந்த வாரம் அம்மனிடம் எதையும் வேண்டிக்கொள்ளக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. காரணம் கீழே வருகிறது.

தலைப்பிரசவத்துக்கு ராகினியை வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வேனில் இங்கே கொண்டுவந்து விடுவதாகப் பேசியிருந்தோம். தயவுசெய்து அந்தப் பயணத்தைச் செவ்வாய்க்குத் தள்ளி வையுங்கள். ஞாயிறு முடியும்வரை அவள் எந்த வண்டியிலும் ஏற வேண்டாம். மாப்பிள்ளையும் ஏற வேண்டாம். நீங்களும் முடிந்தவரை நடந்தே போய்வாருங்கள். ஏன் என்று இப்போதே சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டு மீதியைப் படிக்கமாட்டீர்கள். ஆகையால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

போன ஞாயிறு எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேர் கடைத்தெருவுக்கு வந்து திரும்பியது. இருபத்திரண்டு வருடமாகத் திருவிழாச் சபைக்கு நான்தான் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும், தெரியாதிருக்க நான் விட்டதில்லை. காலை எட்டு மணியிலிருந்து கை ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நிற்கும் வாகனங்களை அகற்றுங்கள், அகற்றாத வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்குக் கோயில் பொறுப்பல்ல என்று தமிழில் மூன்று தடவை, சிங்களத்தில் மூன்று தடவை அறிவித்தேன். எல்லோரும் மரியாதையாக எடுத்துப் போனார்கள். பிற்பகல் களைத்து வந்து கடை வாசலில் பார்த்தால், அங்கே நின்ற என் வெள்ளை டட்சனின் முன் கதவும் பின் கதவும் சோற்றுப்பானையைக் கவிழ்த்து அழுத்தியதுபோல் உள்ளே போயிருக்கின்றன. நெளிவின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகச் சாயக் கீறல். ஒரு துண்டுக் கடிதம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை, இடித்தவன் இடித்த கையோடு போய்விட்டான்.

முதல் சந்தேகம் பக்கத்துக்கடை மஷூர் மேல் விழுந்தது. அவன் டெலிபோன் கடை வைத்திருக்கிறான், ஒரு சிவப்பு ஓட்டோவும் வைத்திருக்கிறான், அது போதாதா? போய் வாசலில் நின்று, அவன் வாய் திறப்பதற்கு முன்னால், நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "முதலாளி, ஓட்டோ அங்கதான் நிக்கிது. அளந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான். அளந்தேன். நெளிவின் நடு தரையிலிருந்து இருபத்தேழு அங்குலம். அந்த உயரத்தில் ஓட்டோவில் இடிக்கிற மாதிரி ஒன்றுமேயில்லை. மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கள் காலை பொலிஸ் நிலையம். சார்ஜன்ட் நல்ல மனிதர், கடையில் ஆணி வாங்குகிறவர். எந்த வண்டி இடித்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். யார் ஓட்டினது என்றார். தெரியாது என்றேன். எத்தனை மணிக்கு என்றார். அதுவும் தெரியாது. பேனையை மூடி வைத்துவிட்டு, அப்படியானால் முதலாளி, நான் யாரைப் போய்ப் பிடிக்கட்டும், நீங்கள் அம்மனிடமே ஒரு முறைப்பாடு கொடுங்கள் என்று சிங்களத்தில் சிரித்தார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் நேரே கோயிலுக்குப் போனேன்.

இந்தப் பக்கத்தில் களவு கொடுத்தவர்கள் தேங்காய் உடைத்துச் சாபம் விடுவது நீங்களும் அறிந்ததுதான். சிங்களவரும் வந்து நம் அம்மன் சந்நிதியில் உடைப்பார்கள். அவர்கள் மெதுவாக, வாய்க்குள்ளே சொல்வார்கள். எனக்குத்தான் ஒலிபெருக்கி இருக்கிறதே. கடைத்தெருப் பக்கம் திரும்பி நின்று, "தாயே! என் காரை நெளிச்சவன் எவனா இருந்தாலும், அவனும் அவன் குடும்பமும் ஏறுற வண்டி ஏழு நாளைக்குள்ள இதே மாதிரி நெளியணும்!" என்று கத்தி, தேங்காயை ஓங்கி அடித்தேன். ஒரே அடியில் சரிபாதியாகப் பிளந்தது. பூசாரி, "ஆத்தா கேட்டுட்டா" என்றார். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்மன் பாட்டுக்கு அம்மன் வேலை செய்யட்டும், நம் பாட்டுக்கு நாமும் தேடுவோம் என்று, செவ்வாயும் புதனும் சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒவ்வொரு வண்டியிலும் இருபத்தேழு அங்குலத்தைத் தேடினேன். கொழுந்து லொறி, மண்ணெண்ணெய் பவுசர், தோட்டத்து டிராக்டர் என்று எதையும் விடவில்லை. புதன்கிழமை எம்பிலிப்பிட்டிய பஸ் ஒன்று நின்றது, அதன் சில்லுக்குப் பின்னால் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது, நான் அளவுநாடாவோடு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். பஸ்ஸில் குண்டு வெடிக்கிற இந்தக் காலத்தில் ஒரு தமிழன் பஸ்ஸுக்கு அடியில் கையில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு படுத்தால் மேலே என்ன நடக்கும் என்று என் மூளைக்கு எட்டவில்லை. தலைக்கு மேலே தடதடவென்று சத்தம் கேட்டது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கும் சத்தம் அது என்று பிறகு தெரிந்தது. எட்டிப் பார்த்தால் சப்பாத்துக் கால்கள், துப்பாக்கி முனைகள். நல்லவேளை, சார்ஜன்ட் குனிந்து பார்த்து, "முதலாளி, மொகத மே கரன்னே?" என்றார். என்ன செய்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இருபத்தேழு அங்குலம் என்றேன். அடையாள அட்டையை மூன்று பேர் வாங்கிப் பார்த்தார்கள். இனிமேல் நின்றுகொண்டே அளக்கக்கூடிய வண்டிகளை மட்டும் அளக்க வேண்டும் என்ற நிபந்தனையில் என்னை விட்டார்கள்.

அன்று மாலை தேரைக் கொட்டகையில் சரியாக மூடியிருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். சபைச் செயலாளர் செய்ய வேண்டிய வேலை. அளவுநாடா கையிலேயே இருந்தது. தேர்ச் சக்கரத்தின் நடுக் குடம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, சிவப்பும் மஞ்சளும் அடித்தது, திருவிழாவுக்கு நானே புதுச் சாயம் வாங்கிக் கொடுத்தது. அதில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு. மனம் வேண்டாம் என்றது, கை நாடாவை நீட்டிவிட்டது. இருபத்தேழு அங்குலம்.

சம்பந்தி, தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிக்கிறவர்கள் இழுப்பார்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன்தான் திருப்புவான். வேறு யார் கையிலும் கொடுக்காமல் இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டையைப் போடுகிறவன் நான். அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என் கடைக்கு முன்னால் தேர் நகராமல் நின்றது. நான் வலது சக்கரத்துப் பக்கம் இருந்தேன், இடது பக்கம் எனக்குத் தெரியாது. ஜனங்களுக்குப் பக்தி குறைந்துபோனதால்தான் தேர் நிற்கிறது என்று நினைத்து, "சோறு திங்கலையா? இழுங்க!" என்று ஒலிபெருக்கியில் திட்டினேன். மஷூர் தன் கடைப் படியில் ஏறி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினான். ஒரு முஸ்லிம் பிள்ளை நம் அம்மனுக்கு இவ்வளவு மரியாதை செய்கிறானே என்று கண் கலங்கி, நானும் அவனைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு கட்டையை எடுத்தேன், தேர் கொஞ்சம் இடதுபுறம் ஒதுங்கி, நகர்ந்தது.

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல்ல?" என்று மஷூரிடம் போய்க் கேட்டேன். "முதலாளி, நீங்க கேக்க வரல்லையே, ஏசத்தானே வந்தீங்க" என்றான்.

தேர் நாளில் காரைக் கடைக்கு முன்னால் விடாதீங்க சம்பந்தி என்று போன வருடமே நீங்கள் சொன்னீர்கள். தேருக்கு என்னைத் தெரியாதா என்று நான் பதில் சொன்னேன். எல்லார் வண்டியையும் அகற்றச் சொன்னவன் தன் வண்டியை அகற்றவில்லை. ஒருவேளை அறிவித்தவனுக்கு அறிவிப்புச் செல்லாது என்று நினைத்துவிட்டேனோ என்னவோ.

இப்போது சாபம் என் தலையில். என் தலையில் மட்டும் என்றால் பரவாயில்லை, குடும்பத்தையும் சேர்த்துக் கத்திவிட்டேன். திங்கள் உடைத்த தேங்காய்க்கு ஞாயிறு வரை தவணை. அதற்குள் நிறைமாதப் பிள்ளை கேகாலை, அவிசாவளை, இரத்தினபுரி என்று அத்தனை வளைவுகளையும் தாண்டி வேனில் வரவேண்டும். இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாபத்தைத் திருப்பி எடுக்க வழி உண்டா என்று பூசாரியிடம் கேட்டேன். உண்டு, குற்றவாளி ஊர் கேட்க, அதே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஒலிபெருக்கி இல்லாமல், தனியாக வந்து சொல்கிறேனே என்றேன். "சாபத்த ஊருக்கே குடுத்தீங்க, மன்னிப்ப மட்டும் ஆத்தா காதுல ஓதுவீங்களாக்கும்?" என்றார்.

நான் முடியாது என்று வந்துவிட்டேன். என்னால் ஆகாது. இந்தத் தெருவில் நான் இதுவரை அறிவித்தது எல்லாம் மற்றவர்கள் செய்ய வேண்டியதைத்தான். அதிலிருந்து இராஜம் எனக்குத் தேத்தண்ணீரைச் சத்தமாக வைக்கிறாள். "புள்ளத்தாச்சிப் புள்ளய வராதேன்னு எழுதுவீங்க, ரெண்டு வார்த்த மைக்குல சொல்ல மாட்டீங்க. நல்லா இருக்குங்க உங்க ரோஷம்" என்கிறாள். டெலிபோன் எடுத்துச் சொல்லலாம்தான், ஆனால் டெலிபோன் இருப்பது மஷூர் கடையில். ஆகையால் கடிதம். நாளைக் காலை தபாலில் போட்டால் சனிக்கிழமை உங்கள் கையில் இருக்கும்.

வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கும் ராகினிக்கும், வரப்போகிற சின்னவருக்கோ சின்னவளுக்கோ, என் ஆசிகள். என் ஆசி சாபத்தைப்போல் உடனே பலிக்காவிட்டாலும் மெதுவாகவாவது பலிக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
இ. பழனியப்பன்.

பி.கு. (வெள்ளிக்கிழமை, பிற்பகல்): மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். முத்திரை வாங்கப் புறப்பட்டுக் கடை வாசலில் நின்றபோது உங்கள் வேன் தெரு முனையில் திரும்பியது. ஞாயிறு நல்ல நாள் இல்லை என்று பஞ்சாங்கம் பார்த்து நீங்களே பயணத்தை முன்னுக்கு இழுத்துவிட்டீர்களாம், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. முன் இருக்கையில் ராகினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கை தானாகக் கடைக்குள் போய் ஒலிபெருக்கியை எடுத்தது. நடுத்தெருவில் ஓடி நின்று, "தாயே, நெளிச்சவன் நான்தான்! என் காரை நெளிச்சவன் நானேதான்! புள்ளய விட்டுரு!" என்று கத்தினேன். கடைத்தெரு முழுக்க வெளியே வந்தது. மாமனாருக்கு என்ன ஆயிற்று என்று மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு வேனை ஒதுக்கினார், ஒதுக்கி டட்சனின் மற்றப் பக்கத்தில் மெதுவாகச் சாய்த்துவிட்டார். ராகினிக்கு ஒரு கீறல் இல்லை, வேனுக்கும் இல்லை. நெளிந்தது, குற்றவாளி ஏறுகிற வண்டி மட்டும். ஐந்தாவது நாள். மாப்பிள்ளை இறங்கி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், நான் அதற்குள் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டேன். இன்னும் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

"முதலாளி, அம்மனுக்குரியது வந்திட்டு. எனக்குரியது வரல்லையே" என்கிறான் மஷூர். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் கடை வாசலில், அதே ஒலிபெருக்கியில் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். அதற்கு முன் தெருவில் நிற்கும் வாகனங்களை எல்லாம் அகற்றச் சொல்லி அறிவிப்பேன். இந்த முறை என்னுடையதை எடுத்துவிட்டு.