தேவதைச் சீட்டுக்குத் தரச்சான்று தர மறுத்த காரணங்கள்

பேரன்புக்குரிய மைத்துனரும் பத்திரிகை ஆசிரியருமான தங்களுக்கு, தங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் அக்கா நலம். நானும் நலம், இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அங்கே தாங்களும் துணைவியாரும் இதே அளவுக்கு, முழங்கால் நீங்கலாக, நலமாக இருக்க வேண்டும்.

தாங்கள் மதிப்புரைக்கு அனுப்பிய தேவதை ஆருடச் சீட்டுப் பெட்டி பழுதின்றி வந்து சேர்ந்தது. "முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டரா இருந்தவர், எதையும் நம்பாதவர், அத்தான்தான் இதுக்குச் சரியான ஆள்" என்று தாங்கள் போனில் சொன்னதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு அன்றே சோதனையைத் தொடங்கிவிட்டேன். மொத்தம் நாற்பத்து நான்கு சீட்டு. ஒவ்வொன்றிலும் சிறகு முளைத்த ஒரு குட்டித் தேவதை காளான்மேலோ நத்தைமேலோ உட்கார்ந்திருக்கிறாள், அடியில் ஒரு வரி உபதேசம். அச்சு சுத்தம், பெட்டி மூடி இறுக்கம். ஆனால் சிறகின் அகலத்தையும் உடம்பின் பருமனையும் ஒப்பிட்டால் பதினேழு தேவதைகளால் தரையைவிட்டு எழும்பவே முடியாது, இதைக் குறித்துக்கொள்ளவும். அடுத்து, "நாளைக்கு மழை வருமா?" என்ற ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டேன். "உன் குரலைக் கேள்" என்றது ஒன்று, "அவசரம் எதற்கு?" என்றது நத்தைக்காரி, வரும் என்றோ வராது என்றோ ஒருத்திகூடச் சொல்லவில்லை. மூன்றாம் மாடிப் பட்டனை அழுத்தினால் "உன் உள்ளம் எந்த மாடியை நாடுகிறது?" என்று லிஃப்ட் திருப்பிக் கேட்டால் நாம் சும்மா விடுவோமா?

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்த தங்கள் அக்கா, "மழை வருமான்னு ஜன்னலைத் திறந்து பாருங்க. இதுகிட்ட மனசுல இருக்கறதைக் கேக்கணும்" என்றாள்.

"என் மனசுல ஒண்ணுமில்ல."

"அது தெரியும். இருந்தாலும் கேளுங்க."

எதுவும் கேட்காமல் ஒன்றை உருவினேன். "பழைய கதவைத் தட்டு" என்று வந்தது. தங்கள் அக்கா கூரையைப் பார்த்தாள். கூரைக்கு மேலே யார் என்று தங்களுக்குத் தெரியும், நாலாம் மாடிப் பல் டாக்டர். பதினோரு வருஷம் தினமும் சாயங்காலம் என்னோடு நடந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடியிருப்போர் கூட்டத்தில் "இந்த லிஃப்டுக்கு நான் பொறுப்பு" என்று நான் மார்தட்டிய அன்றைக்கே, ஐஸ்கிரீம் கேக்கும் கையுமாக அவர் அதில் இரண்டரை மணி நேரம் மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் சட்டையெல்லாம் வழிய வழிய, எல்லார் முன்னாலும் "நீ இன்ஸ்பெக்டரா, இல்ல லிஃப்டுக்குச் சம்பந்தியா?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க கட்டின பல்செட்டும் இப்படித்தான் நடுவுல நிக்குது" என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவர் மாடிப்படிதான், நடைப்பயிற்சியில் தெருவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

தற்செயல் என்று மறுபடி கலைத்துப் போட்டு எடுத்தேன், அதே சீட்டு. மூன்றாம் முறையும் அதே சனியன். "நீ ஏதாவது பண்ணினியா?" என்றேன். "நான் எங்க தொட்டேன்?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். எந்தச் சோதனைக்கும் இரண்டாவது நபர் சாட்சி வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. அந்த விதியை முன்னிட்டு மட்டுமே நான் மேலே போனேன், வேறு நோக்கம் இல்லை. பத்து நிமிஷம் அந்தக் கதவின் பூட்டை ஆய்வு செய்துகொண்டு நின்றதற்கும் முழங்கால்தான் காரணம்.

கதவைத் திறந்தவரின் வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"எம்ம வேமும்?"

"ஒரு சீட்டு எடுங்க. பத்திரிகை வேலை."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்தார். "வலிக்கும் இடத்தை ஒளிக்காதே" என்றிருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பதினெட்டு நாளா மாத்திரையில ஓட்டறேன்யா. கடவாய்ப்பல். பிடுங்கணும்."

"பிடுங்கிக்க வேண்டியதுதானே?"

"பயம்யா! வலிக்காது வலிக்காதுன்னு எத்தனை ஆயிரம் பேர்கிட்ட சொல்லியிருக்கேன்! அது பொய்னு எனக்குத்தானே தெரியும்?"

இப்படிப்பட்ட மனிதரைத் தனியாக விட முடியுமா? கூட்டிக்கொண்டு கிளம்பினேன். லிஃப்டில் ஏறமாட்டேன் என்றார், மாடிப்படி இறங்கினால் பல்லுக்குள் மணியடிக்கிறது என்றார். கடைசியில் நான் தனியாக நாலு தடவை கீழே போய் மேலே வந்து காட்டிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்கள் என் கையிலிருந்த சீட்டுப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று கேட்க, டோக்கன் கூப்பிட வேண்டிய அம்மாவும் வரிசையில் நின்றுவிட, அரை மணி நேரம் யாருக்கும் யாரும் பல்லைப் பார்க்கவில்லை. கூப்பாடு கேட்டு வெளியே வந்த லேடி டாக்டரைக் கண்டதும் நம்மவர் வெளிறிப்போனார். "காலேஜ்ல பாடம் எடுத்தப்போ நான் ரெண்டு தடவை ஃபெயிலாக்கின பொண்ணுய்யா இது." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து ஒரு சீட்டை உருவி, "பழையதை வேரோடு களை" என்று உரக்கப் படித்தாள். அவர் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார், நான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஊசி போடும்போது என் மணிக்கட்டைப் பிடித்தவர் பல் வெளியே வந்த பிறகும் விடவில்லை. நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது. எனக்கும் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. மூன்று நாளாகத் தெருவின் ஒரே பக்கத்தில் நடக்கிறோம்.

இதனால் சீட்டுக்கு சக்தி இருக்கிறது என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. வீங்கின கன்னத்துக்கு வலி உண்டு என்று சொல்லத் தேவதை எதற்கு? அச்சுக்கு எட்டு மதிப்பெண், பெட்டிக்கு ஏழு, ஆருடத்துக்கு முட்டை. என் இறுதித் தீர்ப்பைத் தாங்கள் அப்படியே அச்சிடலாம்: வாசகர்கள் இந்தச் சீட்டை வாங்க வேண்டாம்.

தங்கள் குடும்பமும் பத்திரிகையும் குறைவில்லாமல் வளரட்டும். பற்களைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பல் டாக்டர் வந்து, சீட்டுப் பெட்டி இனிமேல் தன்னிடம் இருக்கட்டும், அது தன்னைப் புரிந்துகொண்ட சீட்டு என்றார். என்னைத்தான் முதலில் புரிந்துகொண்டது, அதுவும் மூன்று தடவை, என்றேன். பேச்சு தடித்து, பல்செட் வரைக்கும் போய்விட்டது. இப்போது மறுபடி அவர் மாடிப்படியில் ஏறிப் போகும் சத்தம் கேட்கிறது. ஆகவே தயவுசெய்து இன்னொரு பெட்டி உடனே அனுப்பவும், தாமதித்தால் தெரு மறுபடி இரண்டாகிவிடும். தீர்ப்பில் ஒரு சின்னத் திருத்தம்: 'வேண்டாம்' என்பதில் 'டா'வை 'டு' ஆக்கிவிடவும். ஒரே ஒரு எழுத்து வேலைதான்.