எஃபி காத்திருந்த நான்கு நொடிகள்

"சிரிக்க ஆளே இல்லாத இடத்துல உனக்கு என்ன வேலை?" என்று லண்டனின் லாம்பெத்தில் நாடக அரங்க மேலாளர் ஒருமுறை எஃபி டன்ஸ்டரிடம் கேட்டார். அவள் சினிமாவுக்குப் போவதாகச் சொன்னபோது கேட்டது அது. இப்போது, கண்ணாடிக் கூரை போட்ட ஊமைப்படக் கொட்டகையில், உடைந்த தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது அது நினைவுக்கு வந்தது.

இயக்குநர் கிரீவ்ஸ் அவள் முன்னால் வந்து நின்றார். "வழுக்கி விழுந்தே, சரி. அப்புறம் ஏம்மா சிலை மாதிரி உட்கார்ந்துட்டே?"

"அவங்க சிரிச்சு முடிக்கட்டும்னு, சார்."

"யாரு?"

எஃபி சுற்றிலும் பார்த்தாள். இரண்டு தச்சர்கள். கேமராவின் கைப்பிடியைச் சுற்றும் ஓபடையா. நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த நகைச்சுவை நடிகர் ராக். அவ்வளவுதான்.

பதினான்கு வருஷம் மியூசிக் ஹால் மேடையில் கூட்டத்தைச் சிரிக்கவைத்த பழக்கம். விழுந்ததும் மனசுக்குள் நான்கு எண்ணுவாள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் அடுத்தது. அடங்குமுன் ஆரம்பித்தால் மாடி வரிசையிலிருந்து முட்டை பறந்து வரும். இங்கே அந்த நான்கு எண்ணிக்கைக்கும் பிலிம் வீணாக ஓடியது. இன்று ஒருநாள்தான் சோதனை. தேறினால் மூன்று படம். தேறாவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. மேடையில் அவள் இடத்தைச் சைக்கிள் ஓட்டும் நாய்களுக்குக் கொடுத்தாகிவிட்டது.

காத்திருக்கவே கூடாது என்றார் கிரீவ்ஸ். எஃபி காத்திருக்கவில்லை. ஒரு நிமிஷக் காட்சி பதினொரு நொடியில் முடிந்தது. என்ன நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை, விழுந்தவள் உட்பட.

எட்டு வருஷமாக அந்தக் கம்பெனிப் படங்களில் விழுந்துகொண்டிருக்கும் ராக் எழுந்து வந்தார். தச்சர்களைச் சிரிக்கச் சொல்லலாமே என்று யோசனை கொடுத்தார். பிறகு எஃபியின் காதருகே, "கவலைப்படாத கண்ணு. விழறது எல்லாருக்கும் வராது," என்றார்.

தச்சர்கள் சிரித்தார்கள். குண்டுத் தச்சர் நிறுத்தவே இல்லை. எஃபிக்கு உயிர் வந்தது. கேமராவுக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்தே நடித்தாள். அவர் கைதட்டியதும் பாவாடையை விரித்து வணங்கி, யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை விழுந்தாள். இரண்டு டஜன் தட்டு போயிற்று.

தச்சர்களை வெளியே அனுப்பினார்கள். வெயில் கூரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது; அது போனால் படம் எடுக்க முடியாது. மிச்சம் ஒரு சுருள் பிலிம், ஓர் அடுக்குத் தட்டு. அவள் விழும்போது மட்டும் சுற்று, காத்திருக்கும்போது நிறுத்து என்று ஓபடையாவிடம் சொல்லிவிட்டு, கிரீவ்ஸ் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டார்.

எஃபி விழுந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சத்தமே இல்லை. புருவம் மெல்ல உயர்ந்தது. கேமராவைக் கெஞ்சுவதுபோல் பார்த்தாள். மறுபடி விழுந்தாள். மறுபடி காத்திருந்தாள். வெளிச்சம் போயிற்று.

மறுநாள் காலை, கம்பெனி முதலாளியும் ராக்கும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்த இருட்டான அறையில் திரை ஒளிர்ந்தபோது, அவள் பெட்டியும் கையுமாகக் கடைசி வரிசையில் இருந்தாள்.

திரையில் எஃபி விழவே இல்லை. முகம் மட்டும் இருந்தது. அது காத்திருந்தது, புருவம் உயர்த்தியது, கெஞ்சியது, உதட்டை நனைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தது. முதலில் முதலாளியின் தோள்கள் குலுங்கின. பிறகு அறையே குலுங்கியது. எஃபி நான்கு எண்ணினாள். சிரிப்பு அடங்கவில்லை.

கிரீவ்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓபடையா, இவ விழுந்ததெல்லாம் எங்கேப்பா?"

"எடுக்கலைங்க. காத்திருந்தப்ப மட்டும்தான் சுத்தினேன். விழறதுக்குத்தான் எட்டு வருஷமா நம்ம ராக் இருக்காரே. யாராவது சிரிச்சோமா?"

ராக் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.