தொரகிச்சி அடிச்சோறு வென்ற காதை

வாழ்க, எடோ மாநகர் ஃபுகாகவாச் சந்தின் சிங்கமே! பருத்த வணிகரையும் அவர்தம் பெட்டியையும் ரிக்‌ஷாவில் ஏற்றிச் சுமிதா ஆற்றுப் பாலங்கள் அதிர ஓடிய திண்கால் வீரனே! தீட்டித் தீட்டி வெளுத்த அரிசிச் சோறன்றி வேறெதையும் நாவால் தீண்டேன் என நோன்பு பூண்ட தொரகிச்சியே, உன் புகழ் பாடுவோம்!

அத்தகையோன் கால்கள் அக்கோடையில் வீங்கின. விரலால் அழுத்தினால் விழுந்த குழி எழவில்லை. வண்டி சுவரில் சாய்ந்து கிடந்தது. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் தயமின் என்னும் துளிச் சத்தை அந்நாளில் எவரும் அறியார். ஆனால் பக்கத்து வீட்டுத் தச்சன் இப்படித்தான் கால் வீங்கி, மூச்சு முட்டிச் செத்தான் என்பதைத் தொரகிச்சியின் மனைவி ஒசுமி அறிவாள். வைத்தியர் சொன்னபடி அன்றே அரிசியோடு பார்லியைக் கலந்து உலையிலிட்டாள்.

மூண்டது போர்! எடை குறைந்த பார்லிப் படை கொதிநீரில் மிதந்தேறி மேற்பரப்பைக் கைப்பற்ற, வெண்சோற்று வேந்தர் அடியில் பதுங்க, நம் வீரன் அகப்பையை வாளென ஓங்கி, பழுப்புப் படையைப் பிளந்து, பாதாளம்வரை தோண்டி, வெண்சோற்றைச் சிறைமீட்டுப் பிரகடனம் செய்தான்:

"அடிச்சோறு எனக்கு, மேல்சோறு உனக்கு! பார்லி ஜெயில்ல போடுற தீனிடி. எடோ மண்ணுல பொறந்தவன் சொன்னா சொன்னதுதான்!"

"காலப் பாருய்யா, தூணாட்டம் கெடக்கு. நீ போய்ட்டா நான் என்னய்யா பண்ணுவேன்?" என்றாள் ஒசுமி.

மறுநாள் அவள் சோற்றை அள்ளி மாற்றாமல், பானையையே மரத்தொட்டியில் தலைகீழாகக் கவிழ்த்தாள். வெற்றிச் செருக்கேறிய வீரன் மேல்சோற்றை ஏறெடுத்தும் பாராமல் அவள் கிண்ணத்தில் தள்ளிவிட்டு, அடியாழத்தில் பாய்ந்து அள்ளினான். அந்தோ! அகப்பை நிறையப் பார்லி!

"ஏய், இது எப்படிடி கீழ வந்துச்சு?"

"அடிச்சோறு உன்னுதுய்யா. எடோக்காரன் பேச்சு மாறுவானா?"

வாக்குத் தவறின் வாழேன் எனும் மறவர் மரபினன், விழிகள் நீர் சொரிய, தாடைகள் திரிகையென அரைக்க, நஞ்சுண்பான்போல் அக்கிண்ணத்தை உண்டு முடித்தான். அவள் நாள்தோறும் கவிழ்த்தாள். அவன் நாள்தோறும் அடிச்சோற்றையே வென்றான்.

வீக்கம் வடிந்ததும் வேலைக்குப் போனான்.