கறுப்புக்குப் பெயர் சில்வர் சல்பைடு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ, அத்தான், கல்யாணப் பெண், முக்கியமாக உன் மாமியார் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்றும், இதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

உன் மகள் கல்யாணத்தில் போடுவதற்காக உன் மாமியார் கொடுத்த வெள்ளி நெக்லஸின் கொக்கியை மாற்றச் சொல்லி என்னிடம் தந்தாய். மாற்றியாகிவிட்டது. அதோடு நான் நின்றிருக்கலாம். ஆனால் மறுநாள் ஒன்பதாம் வகுப்புக்கு அயனிகள் பாடம் நடத்த வேண்டியிருந்தது; நெக்லஸோ பூவேலைப் பள்ளமெல்லாம் கறுப்பேறி மேஜைமேல் கிடந்தது. அந்தக் கறுப்பில் வெள்ளி, எலக்ட்ரானை இழந்து அயனியாகி, கந்தகத்தோடு குடித்தனம் நடத்துகிறது. சமையல் சோடா கலந்த வெந்நீரில் அலுமினியத் தாளை விரித்து அதன்மேல் போட்டால், அலுமினியம் தன் எலக்ட்ரானை வெள்ளிக்குக் கொடுத்துவிட்டுக் கந்தகத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். வகுப்பில் காட்டுமுன் வீட்டில் ஒருமுறை பார்ப்போமே என்று போட்டேன். இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு கண்ணெதிரே நடந்தபோது, அக்கா, நான் தனியாக நின்று கைதட்டினேன். நெக்லஸ் பளபளவென்று மின்னியது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயையோ, அந்தக் கறுப்பு அழுக்கில்ல, அதுதான் டிசைனே. பள்ளத்துல கறுப்பு இருந்தாத்தானே பூ தெரியும்?" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் சொன்ன முதல் சரியான விஷயம். அதற்கு இந்த நாள்தானா கிடைத்தது?

வெள்ளிப் பட்டறைக்கு ஓடினேன். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆக்சிடைஸ்டு வேலைம்மா. சுத்தமாப் போயிருச்சே" என்றார். "ஆக்சைடு இல்லீங்க, சல்பைடு. சில்வர் சல்பைடு" என்றேன், வாய் சும்மா இருந்தால்தானே. "பேரெல்லாம் நல்லாத்தான் வைக்கிறீங்க. புள்ளையத்தான் காணோம்" என்றவர், மறுபடி கறுப்பேற்றுவது கல்யாணத்துக்குள் முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

உன் மாமியார் நெக்லஸைப் பார்த்துவிட்டு, பிறகு நிதானமாக உன்னைப் பார்ப்பது என் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்து பார்க்காமல் என்னால் ஏன் சும்மா இருக்க முடிவதில்லை என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே முட்டை வேகவைத்தேன். போன கந்தகத்தைக் கொண்டுவர முட்டைதான் வழி. மசித்து, நெக்லஸோடு டப்பாவில் அடைத்துவைத்தால், அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தது. டப்பாவைத் திறந்ததும் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "உங்க வீட்ல கேஸ் லீக்காகுதுங்க" என்றார். "லீக்கெல்லாம் இல்லீங்க. டீச்சர் பாடம் தயார் பண்றாங்க" என்றார் என் வீட்டுக்காரர். பூக்களின் மேற்புறத்தை மட்டும் மெல்லத் துடைத்தேன். பள்ளத்தில் கறுப்பு, பூவில் வெள்ளி. பட்டறைக்காரரே, "யாரு வேலைம்மா இது?" என்று கேட்டார்!

நெக்லஸை இத்துடன் அனுப்புகிறேன். உன் மாமியாரிடம் மூச்சு விடாதே. மணமக்களுக்கு என் ஆசிகள். அவர்கள் பிணைப்பை எந்த அலுமினியமும் பிரிக்காதிருக்கட்டும்.

அன்புடன்,
உன் தங்கை

பின்குறிப்பு: பார்சலை ஒட்டும் நேரத்தில் உன் மாமியாரே ஃபோன் செய்தார். "கொக்கி மட்டும் இல்லம்மா. நான் போட்ட காலத்துலேருந்தே அந்தக் கறுப்பு எனக்குப் பிடிக்கல. நீ கெமிஸ்ட்ரி படிச்சவளாச்சே, பளிச்சுனு ஆக்கிக் குடுக்கணும்னு உங்க அக்காகிட்ட சொல்லிவிட்டேனே, சொல்லலையா?" சொல்லவில்லை, அக்கா. அடுப்பில் வெந்நீர் காய்கிறது. கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை. நீயே கீழிருந்து மேலாகப் படித்துக்கொள்.