மாமனாரை ராஜாவாக்கிச் சாகடித்த கதை

என்னால் சும்மா உட்கார முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, வியாதியைச் சொல்கிறேன். முதலில் கால் ஆட ஆரம்பிக்கும். காலை அடக்கினால் கை எதையாவது நோண்டும். இரண்டையும் கட்டிப் போட்டால் வாய் கிளம்பிவிடும். அப்பேர்ப்பட்டவளைப் பெண் பார்க்க வந்த அன்று, ராகு காலம் முடியும்வரை ஒரு அறைக்குள் அசையாமல் உட்காரச் சொன்னார்கள். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்போது நான் அதியமான்கோட்டையிலிருந்து தினமும் தர்மபுரிக்குப் பஸ் பிடித்துப் போய் குரூப் டூ பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வரன்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒரு மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு லட்சணமா இருக்குது, ஆனா பத்து நிமிசத்துல பத்து நாளைக்கான பேச்சைப் பேசிடுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். (பத்து நிமிஷமெல்லாம் இல்லை. அரை மணி நேரம் பேசினேன்.)

பாலக்கோட்டு வரன் வேறு மாதிரி. சொட்டுநீர்ப் பைப் கடை வைத்திருந்தார். பெரியவர்கள் அனுமதியோடு போனில் ஒரு தடவை பேசினோம். நான் மூச்சு விடாமல் பரிட்சையைப் பற்றிச் சொல்லி முடித்ததும், "நீங்க பாட்டுக்கு எழுதுங்க, நான் பாட்டுக்கு பைப் வித்துட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். போனை வைத்ததும் இவர்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். இவர் இல்லையென்றால் நான் நொறுங்கிப் போயிருப்பேன், வெளியே சொல்லவில்லையே தவிர.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லியிருந்தது. நாலுவழிச் சாலையில் வண்டி பறந்து வந்துவிட்டதாம், நாலரைக்கே வாசலில் இறங்கிவிட்டார்கள். தக்காளி விளைவிக்கிற குடும்பம் என்பதால் பூ, பழத்தோடு ஒரு பெட்டி தக்காளியும் இறங்கியது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ராகு காலம் இப்பத்தான் ஆரம்பிக்குது! பொண்ணு ஆறு மணிக்கு மேலதாங்க வெளிய வரும்." அவர்களும் அதற்கென்ன என்று மிக்சர் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் உள்ளே. பட்டுப்புடவை, கழுத்து நிறைய கனகாம்பரம், மேலே சுற்றுகிறேன் என்று பேர் பண்ணுகிற ஒரு ஃபேன். கதவுக்குப் பதில் ஒரு திரை. நடுவில் ஓர் அக்கா சின்னப் பெண் குழந்தையோடு உள்ளே வந்தார். "நான் அவரோட அண்ணிங்க" என்று மெதுவாகச் சொல்லி, நழுவியிருந்த என் பூவைச் சரிசெய்துவிட்டார். வந்தவர்களில் அவரிடம் மட்டும் யாரும் பேசவில்லை. அவர் வீட்டுக்காரரும் உள்ளே வராமல் செருப்பு கழற்றும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் என் கவனமெல்லாம் கடிகாரத்தில் இருந்தது. முள் நகர்ந்தால்தானே!

கூடத்தில் பேச விஷயம் தீர்ந்து, அப்பா டிவியைப் போட்டார். முந்தின நாள் லண்டனில் ராஜாவுக்கு முடிசூட்டு விழா நடந்திருந்தது. அதையே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவருக்கும் வயசாயிடுச்சு. இவருக்கு அப்பறம் யாருங்க?" இது மாப்பிள்ளையின் அப்பா.

"தம்பிதாங்க" என்றார் தரகர், கூடவே இருந்து பார்த்தவர் போல.

"சம்சாரத்துக்குத்தானே வரும்?" என்றார் என் அப்பா.

அதற்கு முந்தின வாரம்தான் நான் இதைப் படித்திருந்தேன். சொல்லுங்கள், எப்படிப் பொறுப்பது? பல்லைக் கடித்தேன். புடவை நுனியை வாயில் திணித்துக்கொண்டேன். தரகர், "தம்பி இல்லாட்டி மகளைக் கட்டின மாப்பிள்ளைக்கு வரும்" என்றதும் என்னையும் மீறித் திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கும் கிடையாது, சம்சாரத்துக்கும் கிடையாது! பெத்த பிள்ளைக்குத்தான்!"

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். "அட, பொண்ணு படிச்சிருக்குதே! கொஞ்சம் வெவரமா சொல்லும்மா."

வெவரமா சொல்லச் சொன்னால் திரைக்குப் பின்னால் நின்று எப்படிச் சொல்வது? வெளியே வந்துவிட்டேன். மணி ஐந்தேகால். பட்டப்பகல் ராகு காலம். அம்மா டம்ளர் தட்டோடு ஓடி வந்து என்னை மறைக்கப் பார்த்தார்.

"ரொம்ப சுலபம்ங்க மாமா" என்று ஆரம்பித்தேன். (எங்கள் கோச்சிங் சென்டரில், கண்ணெதிரே இருப்பதை வைத்து விளக்கினால் மறக்காது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.) "நீங்கதான் ராஜான்னு வைங்க."

அவருக்கு முகமெல்லாம் பல். மீசையைத் தடவிக்கொண்டார்.

"இப்ப நீங்க செத்துட்டீங்க."

அந்த நேரம் பார்த்து, டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. ச்சு, ச்சு, ச்சு. தெளிவாக, மூன்று தடவை.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தரையைத் தட்டினார்கள். "முருகா முருகா" என்று மாப்பிள்ளையின் அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செத்துப் போனவருக்கு மிக்சர் புரை ஏறியது. தரகர் அவர் முதுகில் தட்டினார். இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ராஜாவைச் சாகடித்துவிட்டுப் பாதியில் எப்படி விடுவது? யாராவது ஒருத்தருக்குப் பட்டம் கட்ட வேண்டாமா? உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த வரிசையில் மாப்பிள்ளை வரை போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவரை ராஜாவாகப் பார்க்க ஆசை!

"நீங்க போன அந்த நொடியே உங்க மூத்த பிள்ளை ராஜா. முடிசூட்டுறதெல்லாம் சும்மா ஊரறியச் செய்யற விசேஷம்தான்" என்று வாசலில் நின்றவரைக் காட்டினேன்.

மாப்பிள்ளையின் அப்பா இருமலை நிறுத்தினார். "அவனைத் தள்ளும்மா. அவன் வரிசையில இல்ல."

நான் அதைச் சட்டச் சந்தேகமாக எடுத்துக்கொண்டேன். (இதற்குத்தான் என் மண்டையில் அடிக்க வேண்டும்.)

"அதெப்படிங்க மாமா தள்ளுவீங்க? வரிசையை மாத்த ராஜாவாலயே முடியாது! ராஜாவுக்கு மகன் மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் மகன் நிக்கிற இடம் நிக்கிற இடம்தான். பார்லிமெண்ட் சட்டம் போட்டாத்தான் உண்டு. அந்தக் காலத்துல கத்தோலிக்கப் பொண்ணைக் கட்டினாத்தான் வரிசையில இருந்து தூக்குவாங்க."

மாப்பிள்ளை குனிந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை ஓரத்தில் நின்ற அண்ணியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே மெல்லிய சங்கிலியில் ஒரு சின்னச் சிலுவை.

தரகர் மறைத்திருந்த விஷயம் மொத்தமும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மூத்த பிள்ளை வேறு மதத்துப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் பண்ணியவர். அப்பாவும் மகனும் பேசுவதில்லை. இன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். வந்த இடத்தில் நான் போய் அந்தப் புண்ணிலேயே விரலை விட்டு ஆட்டியிருக்கிறேன்.

"ஐயோ, அது பழைய சட்டம்ங்க மாமா!" என்று கத்தினேன். "இப்ப மாத்திட்டாங்க! யாரைக் கட்டினாலும் அவர்தான் அடுத்த ராஜா. அவருக்கு அப்பறம் தம்பிக்குப் போகாது, அவரு குழந்தைக்குத்தான் போகும். பொண்ணா இருந்தாலும் சரி, கைக்குழந்தையா இருந்தாலும் சரி. சித்தப்பா பின்னாடிதான் நிக்கணும்!"

(அந்தக் குழந்தையே கத்தோலிக்கராக வளர்ந்தால் பட்டம் கிடையாது என்று சட்டத்தில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. நுனி நாக்கு வரை வந்தது. முழுங்கிவிட்டேன். என் ஆயுசில் நான் முழுங்கிய ஒரே பொது அறிவு அதுதான்.)

ஆறு மணி அடிக்கும் முன்பே எழுந்துவிட்டார்கள். "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, என்னைப் பார்க்காமல். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வண்டி கிளம்பியதும் அம்மா பிடித்துக்கொண்டார். "இன்னொரு முக்கால் மணி நேரம்! முக்கால் மணி நேரம் அந்த வாயை மூடி வெச்சிருக்க முடியலையாடி உனக்கு? வூடு தேடி வந்த மனுசனைச் சாகடிச்சு அனுப்பிட்டியே!" காலும் ஆடவில்லை, கையும் ஆடவில்லை. அவர்கள் வைத்துவிட்டுப் போன தக்காளிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை அப்பாவின் போன் அடித்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். "உன்கிட்டதான் பேசணுமாம்."

"ஏம்மா, நேத்து நீ சாகடிச்சவன் பேசறேன்."

நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன்.

"அந்தச் சட்டத்தை நெசமாவே மாத்திட்டாங்களா? இல்ல, எங்களுக்காக அடிச்சு விட்டியா?"

"நெசமாத்தாங்க மாமா."

"வேத்து மதத்துப் பொண்ணைக் கட்டினவனையும் வரிசையிலயே வெச்சிருக்காங்களா?"

"வெச்சிருக்காங்க மாமா."

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"லண்டன் ராஜா வூட்லயே வெச்சிருக்காங்க. நான் என்ன பெரிய... தக்காளிக்காரன். சரிம்மா, வர்ற புதன்கிழமை உறுதி பண்ணிக்கலாம்னு அப்பாகிட்ட சொல்லு. பெரியவனும் அவன் சம்சாரமும்தான் தட்டு எடுத்துட்டு வருவாங்க."

நான் போனைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினேன். அம்மா என் வாயைப் பொத்த ஓடி வந்தார், கூடி வந்த சம்பந்தம் கெடுவதற்குள் மூடு என்று.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பல்லி சொன்னால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். காபி கொண்டுபோய்க் கொடுத்தால், "ஏம்மா, இன்னைக்கு நான் உசுரோட இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமா டம்ளரை வாங்குவார். ராணி என்று பேராகிவிட்ட அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பைக்கில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சித்தப்பா, நீ எனக்குப் பின்னாடி" என்று என் வீட்டுக்காரரை மிரட்டுகிறாள். அவர் பாட்டுக்கு பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எனக்குச் சோதனை. குழம்பு கொதித்து, வாசனை தெரு வரை போயிருக்கும். பசியில் நிலைகொள்ளாமல் நான் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பேன். "மாமா, இலை போடட்டுங்களா?" என்று கேட்டால் போதும், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்:

"பெரியவன் சர்ச்சுல பூசை முடிஞ்சு வரட்டும், இரு. வரிசையை மாத்த ராஜாவாலயே முடியாதாமே!"